உறங்கும் கருவி உண்ணும் மின்சாரம்



‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பது நம்மவர் நாவில் நாளும் வழங்கும் பழமொழி. சேமிப்பின் பெருமையைக் கூறவே அதனை நாம் எடுத்தாளுகிறோம். இழப்புக்கும் அப்பழமொழி அவ்வளவே பொருந்தும் என்பதை ஒரு புயல் நாளன்று நான் கற்றுக்கொண்டேன். கற்பித்த ஆசான், கைப்பிடியளவே உள்ள ஒரு பாட்டரி. அந்தப் பாடத்தையும், அதற்குப் பின் நான் செய்த துப்பறியும் வேலையையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெச்சூர் வானொலி என்பதைப் பற்றி முதலில் இரண்டொரு சொற்கள் கூறிவிடுகிறேன். மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தம் வீட்டிலேயே ஒரு சிறு ஒலிபரப்பும் கருவியை வைத்துக்கொண்டு, நாட்டின் பிற மூலைகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் உள்ள தம்மைப் போன்ற அன்பர்களுடன் உரையாடுவோர் நம்மிடையே பல்லாண்டுகளாக இருந்து வருகின்றனர். இவர்களை ‘ஹாம்’ என்று செல்லமாக அழைப்பதுண்டு. இந்தியாவில் இவர்களுடைய அழைப்புக் குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். அமைதிக் காலத்தில் இது பொழுதுபோக்கு. ஆனால் தந்திக் கம்பமும் தொலைபேசிக் கோபுரமும் சாய்ந்துவிட்ட காலத்தில் இதுவே ஊருக்கு வாயும் செவியுமாகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி அந்தமானைத் தாக்கியபோது, ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, திருமதி பாரதி பிரசாத் அவர்களின் தலைமையில், வேறொரு நோக்கத்துக்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. அக்குழுவினர் தம் பொழுதுபோக்கை அன்றே நிறுத்திவிட்டு, தீவுகளில் இருந்தோரைப் பற்றிய செய்திகளைத் தாய்நிலத்துக்கு அனுப்பும் பணியில் இறங்கினர். அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ‘நலமாக இருக்கிறோம்’ என்ற இரண்டு சொற்களுக்கு அந்நாளில் இருந்த மதிப்பை, உறவினரைத் தொலைவில் வைத்துவிட்டு வாழும் நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஹுட்ஹுட் என்னும் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. அந்நகரில்தான் நான் குடியிருந்தேன். காற்று மணிக்கு 180 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வீசிற்று. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் கைப்பேசியும் ஊமையாயின. மாலையில் காற்று சற்றுத் தணிந்ததும், சன்னல் கம்பிக்கும் எஞ்சி நின்ற ஒரு வேப்ப மரத்துக்கும் இடையே கம்பியொன்றைக் கட்டி, என் கருவியை எடுத்து வைத்தேன். இத்தகைய வேளைக்கென்றே நான் வைத்திருந்த கருவி அது. ஐந்து வாட் ஆற்றல் உடையது. கேட்கும்போது அரை ஆம்பியரும், பேசும்போது இரண்டு ஆம்பியரும் எடுத்துக்கொள்ளும். அதற்குத் துணையாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய ஈய-அமிலப் பாட்டரி ஒன்று மேசையடியில் இருந்தது.

கீழ் வீட்டில் நம் ஊர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர் இருந்தார். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்த்து வந்தார். நான் கம்பி கட்டுவதைக் கண்டு அவர் மாடியேறி வந்தார். “தம்பி, நான் நல்லபடியாக இருக்கிறேன் என்று மட்டும் என் பிள்ளைக்குச் சொல்ல வழியுண்டா?” என்று கேட்டார். “கட்டாயம் சொல்லலாம் அம்மா, உட்காருங்கள்” என்றேன். கருவியை முடுக்கினேன். விளக்கு எரிந்தது. 7 மெகாஹெர்ட்ஸ் வரிசையில், எங்கோ தொலைவிலிருந்து ஒருவர், விசாகப்பட்டினத்து நிலையங்கள் எவையேனும் கேட்கின்றனவா என்று நிறுத்தி நிறுத்தி அழைத்துக்கொண்டிருந்தார். மறுமொழி கூற ஒலிவாங்கியின் விசையை அழுத்தினேன். விளக்கு மங்கியது, கருவி அணைந்தது. மீண்டும் முடுக்கினேன், மீண்டும் அழுத்தினேன், மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை விளக்கே எரியவில்லை.

“பரவாயில்லை தம்பி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மையார் மெல்லப் படியிறங்கிச் சென்றார். நான்காம் நாள்தான் மகனுடன் அவரால் பேச முடிந்தது. அந்த நான்கு நாளும் படியில் அவரைக் காணும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிரவில்லை.

மின்சாரம் திரும்பி வந்ததும் காரணத்தைத் தேடத் தொடங்கினேன். புயலுக்கு முன்பு நவராத்திரிக்காகக் குடும்பத்துடன் பன்னிரண்டு நாள் ஊருக்குச் சென்றிருந்தேன். புறப்படும்போது, பாதுகாப்புக் கருதி வீட்டின் பிரதான மின் சுவிட்சை அணைத்துவிட்டேன். கருவியையும் நிறுத்தித்தான் வைத்திருந்தேன். நிறுத்தி வைத்த கருவி எதையும் உண்ணாது என்பது என் எண்ணம். அந்த எண்ணமே முதற்பிழை.

பழங்காலத்து வானொலிப் பெட்டியில் சுவிட்சைத் திருப்பினால் மின்கம்பியே துண்டிக்கப்பட்டுவிடும். இக்காலக் கருவிகள் பலவற்றில் அவ்வாறில்லை. பெரிய கருவி ஒன்று ஒலிபரப்பும்போது இருபது ஆம்பியர் வரை இழுக்கும். முகப்பிலுள்ள சிறு பொத்தான் அத்தனை மின்னோட்டத்தையும் தாங்காது. ஆகவே பொத்தான் ஒரு கட்டளையை மட்டும் தருகிறது. உள்ளே உள்ள ஒரு சிறு மின்சுற்று அக்கட்டளையைக் கேட்டுக் கருவியை எழுப்புகிறது. கட்டளை எப்போது வரும் என்று காத்திருக்கும் அந்தக் காவற்காரன் எப்போதும் விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பவனுக்கு உணவும் வேண்டும். இவ்வாறு நிறுத்திவைத்த நிலையிலும் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை ‘உறங்கு மின்னோட்டம்’ என்று நாம் பெயரிட்டுக்கொள்வோம். நல்ல கருவியில் இது சில மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். அது வரம்பு மீறும்போதுதான் துன்பம்.

வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 10 மில்லி ஆம்பியர் ஒரு நாள் முழுவதும் ஓடினால் கால் ஆம்பியர்-மணி செலவாகிறது. 7 ஆம்பியர்-மணிப் பாட்டரி அதனை ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். 60 மில்லி ஆம்பியர் ஓடினாலோ நாளொன்றுக்கு 1.44 ஆம்பியர்-மணி, ஐந்து நாளுக்குள் பாட்டரி வறண்டுவிடும். வறண்டதோடு முடிவதில்லை. ஈய-அமிலப் பாட்டரி வெறுமையாகவே கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்களாக இறுகிவிடுகிறது. பின்னர் எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் அது பழைய வலிமையைப் பெறுவதில்லை.

தேடலில் முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி பாட்டரியே. அதனை முழுதும் ஏற்றி, எல்லாக் கம்பிகளையும் கழற்றி, தனியே ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பாட்டரி ஓய்வில் 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். வாரம் கழிந்த பின்னும் பெரிதாகக் குறையாது. கம்பியெதுவும் இல்லாமலே சரிந்தால் குற்றம் பாட்டரியினுடையது. கருவியை ஐயுற வேண்டுவதில்லை. என் பழைய பாட்டரி அவ்வாறே சரிந்தது. ஆனால் அதனைக் கெடுத்தது யார் என்ற கேள்வி எஞ்சி நின்றது. புதிய பாட்டரி ஒன்றை வாங்கி, அடுத்த கட்டத்துக்குச் சென்றேன்.

அடுத்த கட்டம் அளத்தல். பாட்டரியின் நேர்முனையிலிருந்து செல்லும் கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவையில் இணைக்க வேண்டும். இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பத்து ஆம்பியர் அளவையில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். இரண்டாவது, இணைத்தவுடன் தெரியும் எண்ணை நம்பலாகாது; கருவியினுள் இருக்கும் கண்டென்சர்கள் நிரம்பும் வரை மின்னோட்டம் மிகுந்தே தோன்றும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து பார்த்தல் நன்று. மூன்றாவது, மில்லி ஆம்பியர் அளவையில் வைத்துக்கொண்டு கருவியை முடுக்கிவிடக் கூடாது; மீட்டரின் ஃப்யூஸ் எரிந்துபோகும்.

மீட்டரைப் பணயம் வைக்க அஞ்சுவோருக்கு வேறொரு வழியும் உண்டு. ஒரு ஓம் மதிப்புள்ள, ஐந்து வாட் தாங்கும் மின்தடை ஒன்றை அந்த இடைவெளியில் இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே மில்லி வோல்ட் அளவையில் பாருங்கள். ஒரு மில்லி வோல்ட் என்றால் ஒரு மில்லி ஆம்பியர், கணக்கிடவே தேவையில்லை. கருவியை முடுக்கும் முன் அத்தடையின் குறுக்கே ஒரு கம்பியை இட்டுக்கொள்வது நலம்.

அளந்து பார்த்தேன். எனக்கு வியப்பே ஏற்பட்டது. மீட்டர் கழித்தல் குறியுடன் ஒரு சிறு எண்ணைக் காட்டியது; அதாவது, பாட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறவில்லை, உள்ளே சென்றுகொண்டிருந்தது. வீட்டு மின்சாரத்தை 13.7 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி ஒன்றைப் பாட்டரியோடு நிலையாக இணைத்திருந்தேன். அது பாட்டரியை ஊட்டிக்கொண்டிருந்தது. கருவியைக் கழற்றினேன், மாட்டினேன், எங்கும் குறை காணோம். இரண்டு மாலைகள் இவ்வாறே வீணாயின.

மூன்றாம் மாலை, நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் மின்சாரம் நின்றது. அறை இருண்டது. மீட்டரின் முகத்தில் இருந்த கழித்தல் குறி மறைந்து, 60 என்ற எண் தோன்றியது. அதே நொடியில் வேறொன்றையும் கண்டேன். மின் மாற்றுப் பெட்டியின் முகப்பில், அழகுக்காக நானே பதித்திருந்த பச்சை விளக்கு, மின்சாரம் போன பின்னும் எரிந்துகொண்டிருந்தது. முன்பும் எத்தனையோ இரவுகளில் அதனைக் கண்டிருக்கிறேன். பாட்டரி நலமாக இருப்பதன் அடையாளம் என்று எண்ணி மகிழ்ந்ததும் உண்டு. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது எது என்று ஒருநாளும் கேட்டதில்லை!

நோயைக் காண வேண்டுமானால், நோய் தோன்றும் சூழலை உண்டாக்கிக்கொண்டு காண வேண்டும். என் கருவிக்கு உண்மையான சூழல், வீட்டு மின்சாரம் இல்லாத சூழல். நானோ மின்சாரம் இருக்கும்போது மட்டுமே அளந்து வந்தேன். ஊருக்குச் சென்ற பன்னிரண்டு நாளும் பிரதான சுவிட்ச் அணைந்திருந்ததால், பாட்டரிக்கு வரவு இல்லை. செலவு மட்டும் நடந்தது.

வழி தெரிந்த பிறகு வேலை எளிது. மின் மாற்றுப் பெட்டியைச் சுவரிலிருந்து துண்டித்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்தேன். ஒரே வேளையில் இரண்டைக் கழற்றலாகாது என்பதே இத்தேடலின் விதி. கருவியைக் கழற்றியதும் 60 என்பது 52 ஆயிற்று. ஆகக் கருவியின் காவற்காரன் உண்பது 8 மில்லி ஆம்பியரே. விலையுயர்ந்த அப்பெட்டியை நான் வீணாக ஐயுற்றிருந்தேன். பாட்டரியின் மேல் நான் ஒட்டியிருந்த சிறு எண்முக வோல்ட் மீட்டரைக் கழற்றியதும் 37 ஆயிற்று. பாட்டரியின் நலத்தைக் காட்ட வந்தது, பாட்டரியிலிருந்தே 15 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சிய 37 மில்லி ஆம்பியரும் மின் மாற்றுப் பெட்டிக்குள் பின்னோக்கிப் பாய்ந்தது. பெட்டியைத் திறந்தேன். கண்டென்சரில் தங்கும் மின்சாரத்தை வடித்துவிடுவதற்காக 470 ஓம் தடை ஒன்று வெளிவாயின் குறுக்கே இருந்தது, 12.6 வோல்ட்டில் அதன் வழி 27 மில்லி ஆம்பியர் ஓடும். பச்சை விளக்கும் அதன் ஆயிரம் ஓம் தடையும் சேர்ந்து மீதிப் பத்தை எடுத்துக்கொண்டன. கணக்கு நேராயிற்று.

ஒவ்வொருவர் வீட்டிலும் இதே காரணம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. நண்பர்களின் கருவிகளைப் பார்த்ததில் வேறு சிலவும் தென்பட்டன. ஆன்டெனாவை மாற்றும் ரிலே ஒன்று இழுத்த நிலையிலேயே நின்றுவிட்டால் முப்பது மில்லி ஆம்பியர் அளவில் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து வோல்ட் ரெகுலேட்டர் வேலையே இல்லாவிடினும் தனக்கென ஐந்து மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். கணிப்பொறியுடன் கருவியை இணைக்கும் கம்பியின் வழியாகவும் மின்சாரம் திருட்டுப் பாதையில் புகுவதுண்டு. சூரியத் தகட்டைத் தடுப்பு டயோடு இல்லாமல் இணைத்தால், பகலில் வந்ததில் ஒரு பங்கு இரவில் அதன் வழியே திரும்பிப் போகும். நெடுநாள் பயன்படுத்தாத பழைய கண்டென்சர் கசியும். கடற்கரை ஊர்களில் உப்பும் ஈரமும் தூசியும் சேர்ந்து மின்பலகையின் மேல் தாமே ஒரு பாதை போட்டுவிடும். சில கருவிகளில் ஒலிபரப்பும் டிரான்ஸிஸ்டர்களுக்குச் செல்லும் தடித்த கம்பி, சுவிட்சைத் தாண்டி, பாட்டரியோடு நேரே இணைந்திருக்கும். அந்த டிரான்ஸிஸ்டர் கெட்டுக் கசிந்தால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கசிவு நிற்காது. எங்கே என்று தெரியாதபோது விரல் நுனி நல்ல துணை. அரை வாட் மின்சாரம் ஒரு சிறு உறுப்பில் செலவானால், ஒரு மணி நேரத்துக்குப் பின் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். பன்னிரண்டு வோல்ட் பகுதிகளில் மட்டுமே இவ்வாறு தொடலாம். வீட்டு மின்சாரம் வரும் பெட்டிக்குள், செருகியைப் பிடுங்கிய பிறகன்றிக் கை வைக்கலாகாது.

பரிகாரம் என்ன செய்தேன் என்பதையும் கூறிவிடுகிறேன். மின் மாற்றுப் பெட்டிக்கும் பாட்டரிக்கும் இடையே, போதிய மின்னோட்டம் தாங்கும் ஷாட்கி டயோடு ஒன்றை இட்டேன். அது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். அதில் குறையும் ஏறத்தாழ அரை வோல்ட்டை ஈடுசெய்ய, பெட்டியின் வெளிவரும் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, பாட்டரியின் முனையில் மீண்டும் 13.7 வோல்ட் நிற்கும்படி செய்தேன். வோல்ட் மீட்டருக்கு ஓர் அழுத்து பொத்தான் வைத்தேன். பார்க்கும்போது மட்டும் அது விழிக்கும். பாட்டரியின் நேர்முனையை ஒட்டி ஒரு ஃப்யூஸும் ஒரு கனத்த சுவிட்சும் அமைத்தேன். ஊருக்குப் புறப்படும்போது அச்சுவிட்சை அணைத்தால் அந்த 8 மில்லி ஆம்பியரும் நின்றுபோகும்.

இன்னும் ஒரு பிழை என்னிடம் இருந்தது. அதுவே எல்லாவற்றிலும் கொடியது. ஊரிலிருந்து திரும்பிப் புயலுக்கு முன் பாட்டரியைச் சோதித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? வோல்ட் மீட்டர் 13.7 காட்டியது. நிறைவோடு திரும்பிவிட்டேன். ஊட்டிக்கொண்டிருக்கும் பெட்டியின் அழுத்தத்தையே அந்த எண் காட்டியது; பாட்டரியின் வலிமையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பாட்டரியின் உண்மை, பாரம் ஏற்றினால்தான் வெளிப்படும். ஆகவே இப்போது மாதம் ஒருமுறை, ஊட்டும் கம்பியைக் கழற்றிவிட்டு, மோட்டார் வண்டியில் உள்ள 21 வாட் பல்பு ஒன்றை அரைமணி நேரம் எரிய விடுகிறேன். அப்பல்பு ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். அரைமணி முடிவிலும் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பாட்டரி நம்பத் தகுந்தது. சோதனை முடிந்ததும் மறவாமல் மீண்டும் ஏற்றி வைக்கிறேன்.

அமெச்சூர் வானொலியில் நாட்டமில்லாத நேயர்களுக்கும் இதில் பயன் உண்டு என்று நினைக்கிறேன். பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர், ஆண்டுக்கு ஓரிரு முறை வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் ஊருக்குச் சென்று வருகிறோம். இன்வர்ட்டரும், அவசர விளக்கும், வாசலில் நிற்கும் வண்டியின் பாட்டரியும் நாம் இல்லாத வேளையிலும் சிறிது சிறிதாக உண்டுகொண்டே இருக்கின்றன. திரும்பி வந்த முதல் நாளே அவற்றை ஒருமுறை பாரமேற்றிப் பார்த்துவிடுங்கள். இருள் வந்த பிறகு சோதிப்பதில் பயனில்லை.

விசாகப்பட்டினத்து அந்த மாலையில், தொலைவிலிருந்து ஒருவர் எங்கள் ஊரை அழைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய சொல்லும் என் அருகிலேயே நாற்காலியில் அமர்ந்திருந்தது. இடையில் குறைந்தது, நாள்தோறும் யாரும் அறியாமல் கசிந்துபோன 60 மில்லி ஆம்பியர்தான். உங்கள் மேசையடியிலும் ஒரு பாட்டரி இருக்குமானால், இந்த வாரமே வீட்டு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.